வேதியியலில் முனைவர் பட்டம்



பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுநிலைப் பட்டத்தின் வழியே முனைவர் பட்ட ஆய்வில் சேர அதில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் இனத்தார்க்கு 50 போதும். அத்தளர்வு நமது உரிமை. ஆயினும் அது வாயில் வரையில்தான். உள்ளே அனைவர்க்கும் அளவுகோல் ஒன்றே. குறைந்தது மூன்றாண்டு உழைப்பு, பாடத்தேர்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவை வேண்டும். தாம் ஆக்கிய சேர்மம் இன்னதென்று நிறமாலைச் சான்றுகளால் நிறுவவேண்டும். அம்முறையைப் பிறர் பின்பற்றினும் அதே விளைவு கிட்டவேண்டும். செய்தவர் எக்குலத்தார் என்று அங்கே வினவ இடமில்லை.

வறுமை கருதித் தயங்கவேண்டா. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு மாத உதவித்தொகை உண்டு. பட்டியல் இன மாணவர்க்கெனத் தனித் தேசிய உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்ஸி. இறுதியாண்டிலேயே அத்தேர்வை எழுதலாம். ஆகவே, முதலாண்டிலேயே ஆயத்தமாகுங்கள்.