கொடியும் களமும்

இன்று நாம் அறியவிருப்பது அயர்லாந்து ரக்பி வீரர் வில்லி ஆண்டர்சனின் வாழ்க்கை.

1955இல் வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்துச் சிற்றூரான சிக்ஸ்மைல்கிராஸில் பிறந்தவர் இவர். 1995 வரை ரக்பி ஆட்டத்திற்கு ஊதியம் கிடையாது. நாட்டுக்காக ஆடியவரும் வேறு தொழில் செய்தே பிழைக்க வேண்டும். ஆண்டர்சன் பள்ளியில் ஆசிரியரானார்.

1980இல் சுற்றுப்பயணக் குழு ஒன்றுடன் அர்ஜெண்டினா சென்றார். பியூனஸ் அயர்ஸ் நகரில் ஒரு நாள் இரவு, அரசுக் கட்டடத்தில் பறந்த கொடியை நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அவருக்கு அது வேடிக்கை. அங்கே நடந்ததோ இராணுவ ஆட்சி. தேசியக் கொடியைத் தொட்டது பெருங்குற்றம். சிறைக்கதவு மூடியது. பல ஆண்டுத் தண்டனை கிடைக்குமோ என்ற அச்சத்துடன், மாதக்கணக்கில் நாடு திரும்ப முடியாமல் தவித்தார். ஒரு கொடிக்குள் ஒரு மக்களின் மானம் அடங்கியிருக்கிறது என்பதை அவர் கற்ற பாடம் இது.

விடுதலையான பின் மனம் தளரவில்லை. 1984இல், 29ஆம் வயதில், அயர்லாந்து அணியில் இடம் பெற்றார். 1985இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் வென்று ‘மும்முடி’ சூடிய அணியில் அவரும் ஒருவர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1921இல் அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிந்தது. ரக்பி அணி மட்டும் பிரியவில்லை. வடக்கே குண்டுகள் வெடித்த அந்நாளிலும், வடக்கரும் தெற்கரும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும், ஒரே பச்சைச் சட்டை அணிந்து தோளோடு தோள் நின்றார்கள்.

அந்த ஒற்றுமையை 1989 நவம்பர் 18ஆம் நாள் டப்ளின் நகரம் கண்ணாரக் கண்டது. நியூசிலாந்து வீரர்கள் ‘ஹாக்கா’ என்னும் மாவோரி ஆட்டத்தை ஆடினர். அணித் தலைவர் ஆண்டர்சனும் தோழர்களும் கைகோத்தபடி அடிமேல் அடி வைத்து முன்னேறினர். எதிரணித் தலைவர் ஷெல்ஃபோர்டின் முகத்தெதிரே போய் நின்றார் ஆண்டர்சன்! அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆட்டத்தில் என்னவோ 23க்கு 6 என நியூசிலாந்தே வென்றது. ஆயினும், அஞ்சாது நின்ற அந்தக் காட்சியை அயர்லாந்து மக்கள் மறக்கவில்லை.

27 ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடி, 1990இல் சர்வதேச அரங்கிலிருந்து விடைபெற்றார். பின்னர் பயிற்சியாளராகப் பல அணிகளை உருவாக்கினார். 2021இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கொடிச் சம்பவத்தையும் மறைக்காமல் எழுதினார்.

இளமையில் ஒரு கணம் தவறியவரும் பின்னர் ஒரு நாட்டின் அணிக்கே தலைமை ஏற்கலாம். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்லலாம் அல்லவா?