பின்சில்லில் நிற்கும் வித்தை

புளியந்தீவைச் சூழ்ந்த வாவியிலே, ஒடுங்கிய தோணியில் நின்று வலை வீசும் மீனவரைக் காணாதார் அவ்வூரில் இலர். வலை கையைவிட்டு அகலும் கணத்திலே தோணி ஒருபுறம் சாய்கிறது; அவரது இடுப்பு மறுபுறம் சாய்கிறது. கால் மட்டும் பெயர்வதில்லை. ஏட்டிற் படித்துப் பெற்ற அறிவன்று அது; உடலில் ஊறியது. அத்தகைய அறிவை ஓர் இயந்திரத்தின்மேல் நின்று, அதுவும் பின்சில்லு ஒன்றையே நிலத்தில் ஊன்றிப் பெற முயல்வோர் உண்டு. 'ட்ரையல்ஸ்' எனப்படும் மோட்டார் சைக்கிள் போட்டியாளரே அவர்.

இப்போட்டியில் வேகத்துக்குப் பரிசில்லை. பாறையும் சேறும் ஓடையும் நிறைந்த குறுகிய பகுதிகளைக் கால் ஊன்றாமற் கடத்தல் வேண்டும். ஒருமுறை கால் நிலத்திற் பட்டால் 1 புள்ளி, இருமுறையாயின் 2, அதற்கு மேலாயின் 3, வீழ்ந்தால் 5. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். ஸ்கொத்லாந்தின் ஆறு நாட் போட்டி 1909ஆம் ஆண்டிலே தொடங்கியது. பெல்பாஸ்ட் நகரிற் பிறந்த சமி மில்லர் 1964இல் அதனைப் பாரமான ஏரியல் வண்டியில் வென்றார். மறு ஆண்டில் வென்றதோ புல்ட்டாக்கோ என்னும் இலேசான ஸ்பானிய வண்டியில். வண்டி இலேசாகவே, அதனை உடலால் ஆளும் முறைகளும் பெருகின. 1979இல் உலக வாகை சூடிய அமெரிக்கர் பேர்னி ஷ்ரைபர் வண்டியைச் சுழற்றித் திருப்பும் முறையாற் பெயர்பெற்றவர்.

பின்சில்லில் நிற்பதன் தத்துவம் உலக்கையை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்த சிறுவனுக்கும் விளங்கும். உலக்கை எப்பக்கம் சாய்கிறதோ, அப்பக்கமே கை விரைந்து செல்லவேண்டும். வண்டியிலும் அப்படியே. முன்பாகம் தாழ்ந்தால் கிளச்சைச் சற்றே விடுகிறார். பின்சில்லு முன்னே நகர்ந்து பாரத்தின் அடியிற் புகுகிறது. ஊர்ந்து செல்லுகையில் முன்பாகம் மிக உயர்ந்து மல்லாக்காக விழப்பார்த்தால், வலக்காலாற் பின் பிரேக்கை அழுத்துகிறார், முன்பாகம் இறங்கிவிடும். ஆதலின் பழகுவோர் முதலிற் கற்கவேண்டியது தூக்குவதையன்று, இறக்குவதை. அந்தப் பாதம் பிரேக்கை விட்டு அகலவே கூடாது. அச்சம் வந்ததும் காலை விரிப்பது மனித இயல்பு. அந்த இயல்பை வெல்லப் பலநாட் செல்லும்.

பக்கவாட்டுச் சமநிலையே கடினமானது. ஆகாயத்தில் நிற்கும் முன்சில்லை இடமும் வலமும் திருப்புவதும் முழங்காலை அகற்றுவதும் கழைக்கூத்தாடியின் கைக்கோல் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன. வண்டிக்கு இருக்கை இல்லாததும் உடல் தடையின்றி அசைவதற்கே. பின் டயரிற் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 5 இறாத்தல் அழுத்தமே காற்று இருக்கும். அதனால் அது பாறையைக் கைபோற் பற்றுகிறது. பிரேக்கை இறுக்கியபடி அந்த டயரை அமுக்கித் துள்ளி, சாண் சாணாக இடம் மாறுவது அடுத்த படி.

தெருவிலே வேகமாக ஓடி முன்சில்லைத் தூக்கிக் காட்டும் இளைஞர் செய்வது இதுவென்று எண்ணுதல் தவறு. அங்கே வீழ்ச்சிக்கு விலை உயிர். வழியே போகிறவரின் உயிருங்கூட. ட்ரையல்ஸ் பழகுவோர் நடையினும் மெதுவாக, தலைக்கவசமும் சப்பாத்தும் அணிந்து, தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிற் கட்டிக்கொண்டு பழகுகின்றனர்.

புளியந்தீவிலே பாறை ஏது என்று ஒருவர் கேட்கலாம். தொடக்கத்துக்குப் பாறை வேண்டியதில்லை. ஒரு முற்றம் போதும். மோட்டாருங்கூட வேண்டியதில்லை. 2007 முதல் 2024 வரை ஆண்டுதோறும் திறந்தவெளி உலக வாகை சூடிய கற்றலோனியரான தோனி போ, இளமையிற் சமநிலை பழகியது சாதாரண மிதிசைக்கிள் இனத்தைச் சேர்ந்த ட்ரையல்ஸ் சைக்கிளில். சைக்கிள் இல்லாத வீடு மட்டக்களப்பில் அரிது.