செம்பாசியும் வெளிச்சக் கணக்கும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



கடலைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். திருகோணமலையாருக்குக் கடலைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. மீனையும் கப்பலையும் பற்றி எனக்கே பாடம் சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். ஆகவே, நாம் எல்லோரும் கரையிலே காலால் மிதித்துச் செல்லும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அதுதான் செம்பாசி.

தாவர நூலார் இதனைச் செவ்வல்கா என்பர். நமது களப்புகளிலும் அமைதியான குடாக்களிலும் வளரும் கஞ்சிப்பாசி இவ்வினத்தைச் சேர்ந்தது. உலகச் சந்தையில் இதற்கு 'இலங்கைப் பாசி' என்றே ஒரு பெயர் உண்டு. இத்தகைய பாசிகளிலிருந்து எடுக்கும் ஏகர் என்னும் பொருளைக் கொண்டே நோன்பு காலத்தில் முஸ்லிம் நண்பர் வீடுகளில் நாம் உண்ணும் கடற்பாசி இனிப்புச் செய்யப்படுகிறது. வைத்தியசாலையில் நோய்க் கிருமிகளை வளர்த்துப் பரிசோதிப்பதும் அதே ஏகரின் மேல்தான். நம் நாட்டுக் கடல் அல்காக்களைத் தொகுத்து 1961ஆம் ஆண்டில் நூலாக்கியவர், கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த துரைரத்தினம் அவர்கள். இத்துறைக்கு நம்மவர் அந்நியர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

இனி விஷயத்துக்கு வருவோம். பாசி ஏன் சிவப்பாக இருக்கிறது?

சூரிய ஒளியில் ஏழு நிறங்களும் உண்டு. நீருள் அது செல்லச் செல்ல முதலில் மறைவது சிவப்பு. பத்து மீற்றர் ஆழத்தில் சிவப்பொளி அற்பமே. தெளிந்த ஆழ்கடலில் நீலமும், கரையோரத்துக் கலங்கல் நீரில் பச்சையும் அதிக ஆழம் இறங்கும். இலையிலுள்ள பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் நன்றாகப் பிடிக்கும். பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடும். செம்பாசியிலும் பச்சையம் உண்டு. ஆனால் அதனோடு பைக்கோஎரித்திரின் என்னும் செந்நிறப் புரதமும் சேர்ந்திருக்கிறது. பச்சையம் கைவிட்ட பச்சை ஒளியைப் பிடிப்பது இப்புரதமே.

1883இல் எங்கெல்மன் என்ற ஜேர்மனிய அறிஞர் இதனை அழகான ஓர் உபாயத்தால் காட்டினார். நிறமாலையைப் பாசியின்மேல் விழச் செய்து, ஒட்சிசனை நாடி ஓடும் பற்றீரியாக்களை நீரில் விட்டார். செம்பாசியிலே அவை பச்சை ஒளி விழுந்த இடத்தில் மொய்த்தன. அங்கேதான் ஒளித்தொகுப்பு மும்முரமாக நடக்கிறது என்பது தெளிவாயிற்று. இதிலிருந்து, கரையோரத்தில் பச்சைப்பாசி, அதற்குக் கீழே கபிலப்பாசி, ஆழத்திலே செம்பாசி என்று ஒளியின் நிறத்துக்கேற்ப இயற்கை வரிசை வகுத்திருக்கிறது என்ற கொள்கை பிறந்தது. நான் பயின்ற மிஷன் பாடசாலையின் பாடப்புத்தகத்திலும் அந்தப் படிவரிசைப் படம் இருந்தது.

கேட்க இனிமையான கொள்கைதான். ஆனால் கடல் அதற்கு முழுதும் கீழ்ப்படியவில்லை. அலை மோதும் பாறையில் உச்சி வெயிலில் காயும் செம்பாசிகள் உண்டு. நூறு மீற்றருக்கும் கீழே வாழும் பச்சை அல்காக்களும் உண்டு. ஒளியின் நிறத்தைவிட அதன் அளவே முக்கியம் என்று 1892இலேயே ஒல்ற்மன்ஸ் என்பவர் வாதாடினார். பிற்கால ஆராய்ச்சிகள் பெருமளவுக்கு அவர் பக்கமே சாய்ந்தன. அஃதாவது, செம்பாசியின் நிறம் பிறப்போடு எழுதப்பட்ட முத்திரை அன்று. கிடைக்கும் வெளிச்சத்தைப் பார்த்து அது எழுதித் திருத்திக்கொண்டே இருக்கும் கணக்கு.

அந்தக் கணக்கை எப்படி எழுதுகிறது? 1960களில் கான்ற் என்ற அம்மையாரும் கொன்ரி என்பவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கி, பாசியின் கலத்தினுள்ளே மென்சவ்வுகளின் மேல் சிறு மணிகள் வரிசையாக ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். இவையே ஒளியை வாங்கும் கருவிகள். ஒவ்வொரு மணியிலும் வெளிப்புறத்தில் பைக்கோஎரித்திரின், அடுத்து நீலநிறமான பைக்கோசயனின், நடுவிலே இன்னொரு நீலப்புரதம், அதன் கீழே சவ்வில் பச்சையம். வெளியே பிடிபட்ட ஒளிச்சத்தி, தீயணைப்போர் வாளியைக் கைமாற்றுவதுபோல, பெரும்பாலும் சிந்தாமல் பச்சையத்தைச் சென்றடைகிறது.

இதைக் கரைவலையோடு ஒப்பிடலாம். மீன் அருமையான காலத்தில் வலை பெரிதாக இருக்கவேண்டும். இழுக்கவும் தரம் பிரிக்கவும் சிலபேர் போதும். மீன் குவியும் காலத்தில் வலை சிறிதானாலும் போதும். ஆட்கள்தான் அதிகம் வேண்டும். பெரிய வலையில் அளவுக்குமேல் மீன் ஏறினால் வலையே கிழியும். பாசி செய்வதும் இதுவே. மங்கலான இடத்தில் அது செந்நிறப் புரதத்தைப் பெருக்கி வலையைப் பெரிதாக்குகிறது, கருஞ்சிவப்பாகிறது. வெயில் மிகுந்த இடத்திலே வலையைச் சுருக்கி, காபனீரொட்சைட்டை உணவாக்கும் நொதியங்களைப் பெருக்குகிறது. மஞ்சளும் பச்சையுமாக வெளிறுகிறது. ஒரே கஞ்சிப்பாசிக் கொத்தில் வெயில்பட்ட நுனி வைக்கோல் நிறமாயும், நிழலிலுள்ள அடி கறுத்தும் இருப்பதன் இரகசியம் இதுதான்.

இம்மாற்றத்துக்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் முகில் விலகி வெயில் கொட்டினால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறது. சில நிமிடங்களுக்குள்ளே மிகுதியான ஒளிச்சத்தியை வெப்பமாக வெளியேற்றிவிடும். அதற்கும் மிஞ்சினால் ஒளியை வாங்கும் உறுப்பிலுள்ள ஒரு புரதம் பழுதுறும். பாசி அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும். பழுது பார்க்கும் வேகத்தைப் பழுதாகும் வேகம் மீறும்போதுதான் பாசி வெந்து வெளுக்கிறது.

இளைஞர்கள் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். புதிதாய்ப் பிடுங்கிய கருஞ்சிவப்புப் பாசியில் ஒரு துண்டை வெந்நீரில் இடுங்கள். செந்நிறப் புரதம் குலைந்து, அதுவரை மறைந்திருந்த பச்சை வெளிப்படும். இன்னொரு துண்டை மணலோடு அரைத்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்தால், நீர் ரோசா நிறம் கொள்ளும். கறுப்புத் துணியின்முன் வைத்து வெயிலைப் பாய்ச்சினால் அதே நீர் செம்மஞ்சளாக ஒளிரக் காண்பீர்கள். பச்சையத்தை இழந்த புரதம், தான் பிடித்த ஒளியைக் கொடுக்க ஆளில்லாமல் வெளியே சிந்துகிறது.

ஆனால் இந்தச் சாமர்த்தியம் இலவசமாகக் கிடைப்பதன்று. செந்நிறப் பொருள் புரதமாதலால் அதைச் செய்ய நைதரசன் வேண்டும். கடலில் நைதரசன் குறைந்தால் பாசி அப்புரதத்தையே சேமிப்புப்போலக் கரைத்து உண்டு வெளிறும். ஆகவே வெளிறிய பாசியெல்லாம் வெயிலால் வெளிறியதென்று தீர்ப்புக் கூறலாகாது.

எல்லையும் உண்டு. பகாமாஸ் தீவுகளருகே 268 மீற்றர் ஆழத்தில், மேற்பரப்பு ஒளியில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கே எட்டுமிடத்தில், ஊதாநிறச் சுண்ணாம்புச் செம்பாசி வாழ்வதாக 1985இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அது பாறையோடு பாறையாகப் படர்ந்து மிக மெதுவாய் வளர்வது. கஞ்சிப்பாசி போல விரைந்து கிளைப்பது அந்த இருட்டில் பிழைக்காது. உழைத்துப் பெறும் உணவு மூச்சுவிடும் செலவுக்குப் போதாமற் போனால், எவ்வளவு பெரிய வலையாலும் பயனில்லை.

இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. வாடைக்காற்று வீசும் மழைக்காலத்தில் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலங்கல் நீரைச் சொரிகிறது. கச்சான் காலத்தில் நீர் தெளிகிறது. இந்த ஏற்ற இறக்கம் இயற்கையானது. பாசி அதற்குப் பழகியது. காடு வெட்டிய மேட்டு மண்ணும், வாய்க்கால் வழி வரும் கழிவும் அதனோடு சேரும்போது கணக்கு வேறாகிறது. கழிவின் உரத்தால் மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நீர் மேலும் இருளும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. அத்தகைய முருகைக்கற் பாறைகளை ஒட்டவைக்கும் சாந்து எது? சுண்ணாம்புச் செம்பாசியே. முருகைக் குஞ்சுகள் பல குடியேற இடம் தேடுவதும் அதன்மேல்தான். அப்பாசியைச் சேறு மூடினால் வெளிச்சமும் போயிற்று, குடியேற இடமும் போயிற்று. வெளிச்சக் குறைவுக்குப் பாசி ஈடுகொடுக்கும்; சேற்றுப் போர்வைக்கு ஈடுகொடுக்க அதனிடம் நிறமில்லை.

கடற்பாசிப் பயிர்ச்செய்கையை நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கயிற்றை எந்த ஆழத்தில் கட்டுவது என்பது வெளிச்சக் கணக்கு. ஆழமாகக் கட்டிய பாசி செழித்த நிறத்தோடு காணப்படலாம். நிறத்தைக் கண்டு மயங்காமல் நிறையை நிறுத்துப் பாருங்கள். அந்நிய இனங்களைக் கொண்டுவருமுன் நம் கஞ்சிப்பாசியை அறிந்துகொள்வதும் நல்லது.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு சிறு விண்ணப்பம். இத்தாலியக் குருவான சேக்கி சுவாமியார் 1865இல் வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தால் நீரின் தெளிவை அளந்தார். இன்றும் உலகெங்கும் வழங்கும் முறை அதுவே. அத்தட்டு மறையும் ஆழத்தின் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்குவரை பெரும்பாலான கடற்றாவரங்கள் சீவிக்க ஒளி எட்டும் என்று கொள்ளலாம். செலவு ஒரு தட்டும் ஒரு கயிறும் மட்டுமே. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நம் அங்கத்தவர் இருவர் தோணியிற் சென்று அளந்து ஒரு கொப்பியில் எழுதி வருவார்களாக. பத்து ஆண்டுகளில் நம் துறைமுகத்தின் வெளிச்சக் கணக்கு நம் கையில் இருக்கும். அந்தக் காலத்தில் நீர் எப்படி இருந்தது என்பதை நினைவிலிருந்து சொல்ல, கடலில் தொழில் செய்த பெரியோர்களும் முன்வரவேண்டும். அதுவும் அக்கொப்பியின் முதற் பக்கத்தில் ஏறட்டும்.