இந்திரசாலமும் அரசுரிமையும்

மந்திரமும் மாயமும் அரசியற் கருவிகளாதல் புதிதன்று. அர்த்தசாத்திரத்தின் பதினான்காம் அதிகரணம் பகைவரை வீழ்த்தும் மருந்து மந்திரங்களுக்கென்றே அமைந்தது. செயங்கொண்டாரோ மாயத்தைப் போருக்கன்றி அரசுரிமைக்குத் துணையாக்கினார். கலிங்கத்துப்பரணியில் இந்திரசாலத்தை அடுத்து இராச பாரம்பரியம் நிற்கும் வைப்புமுறை நோக்கற்பாலது.

காளியின் சினத்திற்கு அஞ்சி இமயம் சென்ற முதுபேய், மாயவித்தை பயின்று மீள்கிறது. ஒரு கையில் யானைத் துதிக்கைகளைக் காட்டி, மறுகையில் அவற்றைப் பாம்புகளாக்குகிறது. பின் குருதி வெள்ளமும் மிதக்கும் பிணங்களும் தோன்றுகின்றன. பசித்த பேய்கள் பாய்ந்து விழுந்து வெறுங்கையால் அள்ளி வெறும் வாயை மெல்லுகின்றன. நகைச்சுவை என்று இதனைக் கடந்துவிடுவோர் பலர். ஆனால் இதே பேய்தான், இமயத்தில் கரிகாலன் பொறித்ததாகச் சோழர் குலவரலாற்றையும் காளிக்கு உரைக்கிறது!

இச்சான்று ஏன் வேண்டப்பட்டது? 1070-இல் அரியணையேறிய முதற் குலோத்துங்கன் தந்தைவழியில் வேங்கிச் சாளுக்கியன்; தாய் அம்மங்கையோ முதலாம் இராசேந்திரன் மகள். முன்னவனாகிய அதிராசேந்திரன் கலகத்தில் மாண்டான் என்றும், வேங்கியரசன் அரியணையைக் கவர்ந்தான் என்றும் பில்கணர் பாடினார். அவர் பகையரசனாகிய ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர்; ஆகவே அவர் கூற்றையும் அப்படியே கொள்ளுதற்கில்லை. பரணியோ அதிராசேந்திரனைப் பெயர் சுட்டாது, அபயன் வரும்வரை நாடு நிலைகுலைந்தது என்று மட்டும் கூறும். திருமாலே அவனாகப் பிறந்தான் என்பது அவதாரப் பகுதி. மானிடச் சான்று ஐயத்திற்கு இடமாகும்போது பேயின் நாவு பயன்படுகிறது. பொய்ப்பிணம் காட்டிய வாயையே மெய்வரலாறு கூறவைத்த புலவரின் துணிவு சிறிதன்று.

தகடூர் மண்ணில் இதனைக் கேட்போர் மற்றொன்றையும் எண்ணுதல் தகும். அதே குலோத்துங்கன் ஆட்சியில், 1116-ஐ ஒட்டிப் போசளர் படை தலைக்காட்டைக் கவர்ந்தபோது, சோழர் சார்பில் நின்று தோற்றவன் ஓர் அதியமான். அவனைப் பாடப் பேயும் வரவில்லை.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அம்மரபின் விடுகாதழகிய பெருமாள் வேறுவழி கண்டான். போளூரை அடுத்த திருமலையில், சேரர் குலத்து எழினி செய்வித்த இயக்கன், இயக்கியர் படிமங்களைப் புதுப்பித்தான். தகடூர்க் கோமான் இராசராச அதிகனின் மகன் தான் என்பதையும் உடன் பொறித்தான். வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அக்கல்வெட்டில், எழினியின் வழித்தோன்றலாக அவன் நிற்பது அவ்வியக்கர் முன்னிலையில்தான்.