திரும்பி வந்த கட்டியும் முதுகுத் தசையும்

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பேசுகிறேன்.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற திருச்சுழியில் 1879-இல் பிறந்தவர் ரமண மகரிஷி. 1949 தொடக்கத்தில் அவருடைய இடது முழங்கைப் பக்கம் சின்னதாக ஒரு கட்டி. எடுத்தார்கள், மறுபடி வந்தது. சார்க்கோமா என்ற புற்று. அந்த ஒரே வருடத்தில் நான்கு அறுவை, ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றபோது அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

எடுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும் என்ற இந்தப் பயம்தான் மார்புப் புற்றுநோய் அறுவையையும் நீண்ட காலம் ஆட்டிவைத்தது.

அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் 1894-இல் தன் முறையை எழுதி வெளியிட்டார். மார்பு, அதன் அடியில் நெஞ்சுத் தசை, அக்குள் நிணநீர் முடிச்சுகள், எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பது. அந்தப் பள்ளத்தை வேறு சதை கொண்டு மூட அவருக்கு விருப்பமில்லை. அடியில் நோய் ஒளிந்துகொள்ளுமே என்ற கவலை. அதே காலத்தில் இத்தாலியில் தான்சினி என்ற மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். பெரிய புண்ணை மூட வழி இருந்தால்தானே துணிந்து அகலமாக வெட்ட முடியும்? 1906-இல் முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பி மூடிக் காட்டினார். ஆனால் ஹால்ஸ்டெட்டின் சொல்தான் எடுபட்டது. தான்சினியின் வழி மறந்தே போய், 1970-களில்தான் திரும்ப வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்த இடைவெளியில் எத்தனை பெண்கள் ஆறாத புண்ணோடு இருந்திருப்பார்கள்!

ஏன் முதுகுத் தசை? முதல் தடவை கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, நம் ஊரில் சொல்வதுபோல் ‘கரண்ட் வைத்த’, அதாவது கதிர்வீச்சு கொடுத்த, மார்பில் நோய் திரும்பினால், பொதுவாக மார்பு முழுவதையும் எடுக்க வேண்டிவரும். கதிர் பட்ட தோலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். கண்மாய்த் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் மாதிரி, அங்கே தையல் சேர்வது கஷ்டம். முதுகுத் தசையோ தன் ரத்தக் குழாயை அறுத்துக்கொள்ளாமல் வருகிறது. வாய்க்காலையும் கூட்டிக்கொண்டு வருகிற வயல்! பிறகு 1982-இல் ஹார்ட்ராம்ஃப் என்ற மருத்துவர் அடிவயிற்றுச் சதையைக் கொண்டு மார்பே செய்யும் முறையை விவரித்தார்.

நம் பக்கத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு ஓர் அடித்தளம் சென்னை அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த வருடம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அங்கேயே இருந்தார்.

புண்ணைச் சதையால் மூடி மார்பைத் திரும்ப அமைப்பதை ‘அழகுக்கான செலவு’ என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். நோய் திரும்பியவருக்கு முதலில் உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். அதன்பிறகு, புண் மூடுவதைப் பற்றியும் மார்பைத் திரும்ப அமைப்பதைப் பற்றியும் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஹால்ஸ்டெட் பயந்தது நடக்கவில்லை. சதை வைத்து மூடிய பிறகும் அந்த இடத்தில் நோய் வந்தால், பெரும்பாலும் தோலிலும் தோலுக்கு அடியிலும்தான் வருகிறது. குளிக்கும்போது தையல் ஓரமாக விரலை ஓட்டினால், சின்ன முடிச்சும் தட்டுப்படலாம்.