ஆஸ்பத்திரி ஊசியும் அள்ளுகிற கையும்



காய்ச்சலென்று சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஊசி போடுகிறார்கள், வீடு திரும்புகிறோம். அந்த ஊசி பிறகு எங்கே போகிறது?

இந்திய சர்க்காரின் 2016-ம் வருஷத்திய மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசியும் பிளேடும் துளை விழாத வெள்ளை டப்பாவில் விழவேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில். அவசரத்தில் ஊசியும் பஞ்சோடு பையில் போனால், அள்ளுகிற பெண்ணின் கையில் குத்தும். காண்டிராக்ட் கூலிக்கு வருபவள் அவள். ஆலைத் தொழிலாளியின் மனைவி, விவசாயக் கூலியின் மகள். பி வகை மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் அந்த வழியாகப் பரவக்கூடும்.

ரப்பர் கையுறை கொடுப்பது, காமாலைத் தடுப்பூசி போடுவது, வருஷம் ஒரு முறையாவது உடலைப் பரிசோதிப்பது ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கடமை. தர்மமல்ல, சட்டம்! “காண்டிராக்டர் ஆள்” என்று கை கழுவ முடியாது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் என்றே விதி கூறுகிறது. (கை கழுவ அவளுக்குச் சோப்பு உண்டா என்பது வேறு விஷயம்!)

குத்திவிட்டால் மறைக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே டாக்டரிடம் போகவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் துவக்கியாக வேண்டும். வேலை போய்விடுமென்று அவள் வாய் மூடியிருந்தால் அந்த நேரம் கழிந்துவிடும். ஆகவே சங்கம் அவளோடு கூடப் போகவேண்டும். கையுறை எங்கே, தடுப்பூசி எங்கே என்று நிர்வாகத்தை நாம் கேட்போம்.