சுரங்கத்தில் யார் கூட்டாளி?



பூர்வகுடிகளின் நிலத்தில் சுரங்கம் வெட்டப் போகும் கம்பெனிகள் எல்லாம் இப்போது “உங்களையும் கூட்டாளியாகச் சேர்த்துக் கொள்ளுகிறோம்” என்று பேசக் கற்றுக் கொண்டிருக்கின்றன. கூட்டு என்றால் என்னவென்று நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? 1989-ம் வருஷத்தில் ஒரு சுரங்கம் மூடப்பட்டது. அதே வருஷத்தில் வேறொரு தேசத்தில் இன்னொன்று திறக்கப்பட்டது. அவ்விரண்டையும் பற்றியே பேச வந்தோம்.

மூடப்பட்டது பசிபிக் சமுத்திரத்தில் பூகன்வில் தீவிலுள்ள பங்குனா செம்புச் சுரங்கம். 1972-ல் அது வேலை தொடங்கியபோது அத்தீவு ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. நிலத்தின் மேலிருப்பது குடிகளுக்கு, அடியிலிருப்பது சர்க்காருக்கு என்பது அவர்கள் சட்டம். அச்சட்டத்தை நிலக்காரரைக் கேட்டா செய்தார்கள்? அடியைத் தோண்டி எடுத்துப் போன பிறகு மேல்நிலம் மாத்திரம் அந்தரத்தில் நிற்குமா? சட்டசபையில் அத்தீவின் பிரதிநிதியான பால் லாபுன் போராடி, 1966-ல், ராயல்டியில் நூற்றுக்கு 5 பாகம் நிலக்காரருக்கு வாங்கிக் கொடுத்தார். ராயல்டியே நூற்றுக்கு ஒன்றேகால்தான். ஆகவே நூறு ரூபாய்த் தாதுக்கு நிலக்காரர் பங்கு நமது பழைய கணக்கில் சரியாக ஓரணா! நிலத்துக்கும் பயிருக்கும் நஷ்டஈடு தனியே கொடுத்தார்கள் என்பது வாஸ்தவமே. நஷ்டஈடு வாங்குகிறவனை யாராவது கூட்டாளி என்பார்களா?

அங்கே நிலபாத்தியம் பெரும்பாலும் தாய்வழியில் வருவது. 1969-ல் ரொரோவானா கிராமத்துப் பெண்கள் சர்வே முளைகளைப் பிடுங்கியபோது, சொத்துக்காரிகளுக்குப் போலீசார் சொன்ன பதில் கண்ணீர்ப்புகையும் தடியும். சுரங்கத்தின் கழிவெல்லாம் ஜாபா ஆற்றில் போய் விழுந்தது. 1988 கடைசியில், அச்சுரங்கத்திலேயே வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனாவின் தலைமையில் கலகம் கிளம்பிற்று. யுத்தம் 1998 வரை ஓயவில்லை. ஆயிரக்கணக்கானவர் மாண்டார்கள்.

திறக்கப்பட்டது அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம். 1971-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட, இனுபியாட் மக்களே பங்குதாரர்களாயுள்ள நானா என்னும் ஸ்தாபனம் அந்நிலத்துக்கும் அடியிலுள்ள தாதுவுக்கும் சொந்தக்காரர். ஆகையால் கொமின்கோ கம்பெனி 1982-ல் அவர்களிடம் வந்து உட்கார்ந்து உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. முதலில் நூற்றுக்கு நாலரை ராயல்டி. 2007 முதல் நிகர வருமானத்தில் 25 பங்கு. பிறகு ஐந்து வருஷத்துக்கொரு தரம் 5 கூடிக்கொண்டே 50 வரை. வேட்டையறிந்த பெரியவர்கள் அடங்கிய கமிட்டியும் உண்டு. கரிபு மான் கூட்டம் பாதையைக் கடந்தால் தாது லாரிகள் நிற்க வேண்டும். இதில் கம்பெனியின் தயாளம் எங்கே வந்தது? பத்திரம் இருக்கும் கை வேறு, அவ்வளவுதான்.

இதையும் சொர்க்கமென்று நாம் சொல்ல வரவில்லை. சுரங்கத்தில் சுத்தி செய்துவிடும் நீர், கிவலினா ஊரார் குடிக்கும் ஆற்றில்தான் வந்து சேருகிறது. 2004-ல் அவ்வூராரில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2008-ல் ராஜியாயிற்று. பணம் எல்லா ஊருக்கும் பங்காகிறது, தண்ணீரோ அவ்வூர்ப் பக்கம்தான் போகிறது.

பூகன்வில்காரர்கள் 2015-ல் தாங்களே ஒரு சுரங்கச் சட்டம் செய்தார்கள். தாது நிலக்காரர் சொத்து. வேண்டாமென்று தடுக்கும் உரிமையும் அவர்களுக்குண்டு என்று அதில் எழுதினார்கள். பழைய கம்பெனி பங்குனாவில் மறுபடியும் லைசென்சு கேட்டு வந்தது. கூட்டத்தில் நிலக்காரர் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 2018 ஜனவரியில் அவர்களுடைய சர்க்கார் லைசென்சை மறுத்துவிட்டது.